எட்டாம் எண் கதவு

திரையில் பிழை என்று வருகிற சிவப்பு எழுத்தைத் திட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அது வெறும் தகவல்தான் என்று ஹெப்சிபா புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள், ஆனால் தனக்கு வந்தால் மட்டும் திட்டாகத்தான் எடுத்துக்கொள்வாள், அதிலும் இன்றைய சிவப்பு எழுத்து காலையிலிருந்து வாயே மூடவில்லை. நீங்கள் கேட்கும் கட்டளை இப்போது இல்லை. அதற்குப் பதில் வேறொன்று வந்திருக்கிறது. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்து உட்கார்ந்தவரிடம் சொல்வது போல எவ்வளவு மரியாதை! பீளமேட்டில் நாலாவது மாடி, விடிந்தால் தீபாவளி, கீழே தெருவில் பொறுமையில்லாத யாரோ இப்போதே ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டார்கள், ஏசிக் காற்றில் மத்தியானம் திறந்த எலுமிச்சை சாதத்தின் வாசனை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, ஆபீசில் மிச்சமிருந்தது மூன்றே பேர். எங்கோ பனி பெய்கிற ஊரில் கட்டப்போகிற மருத்துவமனையை அதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் முழுசாகக் கட்டிக் கொடுப்பது இவர்கள் பிழைப்பு, அதில் கதவுக்கு எண் போடுவது, அறைக்குப் பெயர் போடுவது போன்ற எருமை வேலையையெல்லாம் செய்ய ஹெப்சிபா வருஷக்கணக்காக ஸ்கிரிப்ட் என்கிற குட்டிக் குட்டி நிரல்களை எழுதி வைத்திருந்தாள், கையால் செய்தால் நாட்கணக்கில் இழுக்கிறதை அது டீ ஆறுவதற்குள் முடித்துவிடும். போன வாரம் அந்த ஊர்க்காரர்கள் மென்பொருளின் புது வெர்ஷனுக்கு மாறிவிட்டார்கள். அந்தக் கம்ப்யூட்டர்க் கட்டடத்தை, அதாவது மாடலை, ஒருமுறை புதிதில் திறந்துவிட்டால் அது பழையதற்குத் திரும்பி வராது, அவளுடைய ஸ்கிரிப்டுகளோ பழையதில் மட்டும்தான் ஓடும். இன்று சாயங்காலத்துக்குள் கதவுப் பட்டியல் போயாக வேண்டும், அங்கே நாளைக் காலையில் கதவு செய்கிறவர்கள் காத்திருப்பார்கள், அவர்களுக்குத் தீபாவளியைப் பற்றி யார் சொல்வது? ஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் ஆயிரத்துச் சொச்சம் கதவுக்கும் மூன்று பேருமாக உட்கார்ந்து கையால் எண் போட வேண்டும், அப்படிப் போட்டால் முத்துமாரியின் தலைதீபாவளி இந்த நாலாவது மாடியில்தான். ஹெப்சிபாவைக் காலையிலிருந்து நாற்காலியை விட்டு எழ விடாதது அந்த ஒரே நினைப்புதான்.

முத்துமாரிக்கு ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. ராஜபாளையத்தில் அவள் அம்மா எண்ணெய் காய்ச்சி வைத்துவிட்டாள், மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்தாயிற்று, மாப்பிள்ளையோ சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பையோடு நின்றுகொண்டு கால் மணிக்கு ஒருதரம் போன் செய்கிறான், அந்தப் பெண்ணும் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்த் தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்று குசுகுசுவென்று பேசிவிட்டு ஒன்றும் நடக்காதது போல வந்து உட்காருகிறாள். உன்னை நான் பஸ் ஏத்தி விடுதேன் மக்கா, நீ கவலைப்படாத, என்று திங்கட்கிழமையே ஹெப்சிபா சொல்லிவிட்டாள். ஏன் சொன்னோம்? நாக்கு அப்படி, நாகர்கோவில் நாக்கு, முதலில் வாக்குக் கொடுக்கும், அப்புறம்தான் தலையைக் கேட்கும். தீபாவளி அவளுக்கு இல்லைதான், அவள் வீட்டில் டிசம்பரில்தான் பலகாரம், ஆனால் தலைதீபாவளி என்றால் என்னவென்று தெரியாமலா இத்தனை வருஷம் கோயம்புத்தூரில் குடியிருக்கிறாள், ஒருதரம் தப்பினால் அடுத்த வருஷம் வெறும் தீபாவளி, அதற்குள் குழந்தை வந்தால் குழந்தையின் தீபாவளி, இந்தப் பெண்ணின் தீபாவளி வராமலே போய்விடும். சரி, வேலையைப் பார். நீளம் கேட்கும் கட்டளைக்குப் புதுப் பெயர், மாற்றியாயிற்று. சுவரைக் கூப்பிடும் விதம் வேறு, மாற்றியாயிற்று. ஒவ்வொரு பொருளுக்கும் மென்பொருள் தானாக வைத்திருக்கும் அடையாள எண் இப்போது நீளமாகிவிட்டதாம், பத்து இலக்கம் போன் நம்பர் போல, இருக்கட்டும், நீள நம்பர் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறதோ. இந்த மென்பொருள் செய்கிற கம்பெனியில் யாரோ ஒருத்தர் காபி குடித்துக்கொண்டே, இந்தப் பெயர் நன்றாயில்லையே, மாற்றிவிடுவோமா என்று கேட்டிருப்பார், பக்கத்தில் இருந்தவர் மாற்றிவிடுவோம் என்றிருப்பார், அவர்களுக்கு முத்துமாரியைத் தெரியுமா, எண்ணெய் காய்ச்சி வைத்த அவள் அம்மாவைத் தெரியுமா. தெரிந்திருந்தால் மாற்றியிருக்க மாட்டார்கள் என்று ஹெப்சிபா நம்பினாள், மனுஷர்களை அவள் பொதுவாக நல்லபடியாகத்தான் நினைப்பாள், அவள் கோபமெல்லாம் மெஷின் மேல்தான்.

ஒவ்வொன்றாகச் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. ஜன்னல் ஸ்கிரிப்ட் ஓடியது, படிக்கட்டு ஸ்கிரிப்ட் கொஞ்சம் இருமிவிட்டு ஓடியது. கடைசியில் மிச்சமிருந்தது கதவுக்கு எண் போடுகிறது, அதுதான் மூத்தது, மற்ற ஸ்கிரிப்டெல்லாம் அதைப் பார்த்துப் பிறந்தவை, எழுதிய காலத்தில் ஹெப்சிபாவுக்குத் தலையில் ஒரு நரையில்லை. அது நடுவில் ஓரிடத்தில் முரண்டு பிடித்து நின்றது. என்னவோ வகுத்து, என்னவோ மீதி பார்த்து, என்னவோ கூட்டி, ஒரு பத்து வரி. அடுத்த எண் என்ன என்று கேட்பதற்கு இவ்வளவு சுற்று வழியா, அப்போது நமக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கும் பாவம், என்று தன் சின்ன வயசு மேலேயே இரக்கப்பட்டுக்கொண்டு அந்தப் பத்து வரியையும் தூக்கிவிட்டு, புது வெர்ஷனே கொடுக்கிற ஒரு வரியை அங்கே வைத்தாள். அடுத்த எண்ணைக் கொடு. கொடுத்தது! விரல் சொடுக்கும் நேரத்தில் தரைத் தளத்திலிருந்து மொட்டை மாடி வரை கதவுகள் வரிசையாக எண் வாங்கிக்கொண்டன, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி, ஹெப்சிபா நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றி, "முடிஞ்சு மக்கா, பைய எடு!" என்று கத்தினாள். முத்துமாரி உண்மையிலேயே பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். சந்தோஷம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஹெப்சிபாவுக்குப் பட்டது.

அது அரை நிமிஷச் சந்தோஷம். சென்னியப்பன் அந்தப் பக்கத்து மேசையிலிருந்து தொண்டையைச் செருமினான், கோபிச்செட்டிபாளையத்துப் பையன், சரிபார்க்கிற வேலை அவனுடையது, கெட்ட சேதி சொல்வதற்கு முன்னால் அவன் இப்படித்தான் செருமுவான்.

"அக்கா, ஒரு நிமிஷம் வர்றீங்களா. போன மாசம் நாம அனுப்புன தரைத் தளத்து ஷீட்டுக்கும் இதுக்கும் ஒத்தே வரலீங்க்கா."

"எங்க ஒத்து வரல?"

"ஏழு வரைக்கும் சரியாத்தான் இருக்குதுங்க. பழைய ஷீட்டுல ஏழுக்கு அப்புறம் ஒம்பதுங்க்கா. எட்டாம் நம்பர் கதவையே காணோம்."

"காணோமா? என்னடே சொல்லுத?"

எட்டு மட்டுமா? பதினாறுக்கு அடுத்தது பதினெட்டு, பதினேழைக் காணோம். இருபத்தாறைக் காணோம். முப்பத்தைந்தைக் காணோம். ஹெப்சிபா நின்றபடியே பழைய ஷீட்டில் விரலை ஓட்டிக்கொண்டு போகப்போக அவளைப் பயம் பிடித்துக்கொண்டது, ஏனென்றால் அந்தப் பழைய ஷீட் போய்ச் சேர்ந்து ஒரு மாசம் ஆகிறது, அங்கே கதவு நிலைகள் வரப்போகின்றன, அதில் எட்டாம் கதவு இல்லையென்றால் எட்டாம் அறைக்குக் கதவே இல்லை. அவளுக்கு உடனே படம் வந்துவிட்டது, அவளிடம் இது ஒரு வியாதி, எதை நினைத்தாலும் படமாக வரும், பனி பெய்கிற ராத்திரி, வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு நர்ஸ், தள்ளுவண்டியில் ஒரு பெரியவர், எட்டாம் அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள் என்று அந்தம்மாள் தள்ளிக்கொண்டே வருகிறாள், ஏழைத் தாண்டுகிறாள், அடுத்தது சுவர். வெறும் சுவர். பெரியவர் படுத்தபடியே சுவரைப் பார்க்கிறார். உள்ளே ஒரு அறை, அதற்குள் யாரும் போக முடியாது, யாரும் வர முடியாது, உள்ளே விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது, இதை வரைந்தது யார், கோயம்புத்தூரில் ஹெப்சிபா. ஐயோ, இந்த ஒரு மருத்துவமனை மட்டுமா, அந்த ஸ்கிரிப்ட் எத்தனை கட்டடத்துக்கு ஓடியது, ஒரு பள்ளிக்கூடம், இரண்டு ஓட்டல், ஒரு நீச்சல்குளம், எங்கெல்லாம் மனுஷர்கள் சுவரைத் தட்டிக்கொண்டு நிற்கிறார்களோ! இத்தனை வருஷமாக யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அவ்வளவு மரியாதைக்காரர்களா அவர்கள்? கர்த்தாவே, என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள், முத்துமாரி தோளிலிருந்து பையை மெதுவாக இறக்கி வைத்தாள், அந்தப் பை தரையைத் தொட்ட சத்தம் ஹெப்சிபாவுக்கு வெடிச் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

"கதவ எண்ணிப் பாருடே. நம்பர விடு, கதவ எண்ணு."

சென்னியப்பன் எண்ணவைத்தான், மெஷின்தான் எண்ணியது, பழையதிலும் புதிதிலும் கதவுகள் ஒன்றுகூடக் குறையவில்லை. எட்டாம் அறைக்குக் கதவு இருந்தது, அதன் பெயர்தான் ஒன்பது. நர்ஸ் சுவரிலிருந்து திரும்பி வந்தாள், பெரியவர் நல்லபடியாகக் கட்டிலில் படுத்தார், ஹெப்சிபாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, சிரிப்பும் கூட வந்தது. ஆனால் உடனே அடுத்தது. கதவு இருக்கிறதென்றால் எண் ஏன் தாண்டுகிறது? தூக்கிப்போட்ட பத்து வரியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். எண்ணை ஒன்பதால் வகு, மீதி எட்டு வந்தால் ஒன்று கூட்டு. அவ்வளவுதான் அதன் சாரம். எழுதினது அவள்தான், வரிகளுக்கு நடுவே அப்படி இடைவெளி விடுகிற பழக்கம் அவளுடையது, ஆனால் எதற்காக எழுதினாள் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. ஒன்பதால் ஏன் வகுக்க வேண்டும்? ஒரு தாளில் ஒன்பது கதவு வரைகிற வழக்கம் ஏதாவது இருந்ததா? இல்லை. தீயணைப்பு விதியா? இருக்கலாம், ஏதோ ஒரு நாட்டில் ஒன்பதாவது கதவு தீக்கதவாக இருக்க வேண்டுமோ, அப்படியென்றால் எண் ஏன் தாண்ட வேண்டும், கதவல்லவா மாற வேண்டும். லிப்டா? லிப்டுக்காக எண்ணை ஒதுக்கி வைத்தோமா? ஒன்பது கதவுக்கு ஒரு லிப்டா, அது மருத்துவமனையா ராட்டினமா? அவள் மூளை ஒன்பதைச் சுற்றிச் சுற்றி வந்தது, வந்து வந்து அதே இடத்தில் இடித்தது. பேசாமல் பழையபடி தாண்டும்படியே விட்டு அனுப்பிவிடலாம், ஒரு மாசத்துக்கு முன் போன ஷீட்டோடு ஒத்துப்போகும், யாருக்கும் தெரியாது. ஆனால் காரணம் தெரியாத ஒன்றைக் கையால் மறுபடி எழுதி வைக்க அவளுக்கு மனசு வரவில்லை, முதல் தடவை எழுதியவள் வேறொருத்தி என்று சொல்லித் தப்பிக்கலாம், இரண்டாம் தடவை எழுதுகிறவள் இவளேதான். அது தப்பான விதியாக இருந்துவிட்டால்? முத்துமாரியின் போன் மறுபடி அடித்தது, அவள் எடுக்கவில்லை, அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

"எடுத்துப் பேசு மக்கா."

"இருக்கட்டும்க்கா. அவுக நிப்பாக. பஸ்ஸா இல்ல, அடுத்த பஸ்ல போயிக்கலாம்."

இல்லாத பஸ்ஸை அந்தப் பெண் ஹெப்சிபாவுக்காக உண்டாக்கிக்கொண்டிருந்தாள், தீபாவளிக்கு முதல் நாள் சிங்காநல்லூரில் அடுத்த பஸ் என்று ஒன்று இருந்தால் அதன் கூரையில்கூட இடமிருக்காது. சென்னியப்பன் இதற்குள் காணாமல் போன எண்களையெல்லாம் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எடுத்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான், எட்டு, பதினேழு, இருபத்தாறு, முப்பத்தைந்து, நாற்பத்துநாலு, ஐம்பத்துமூன்று, பார்க்கப் பார்க்க அவன் முகத்தில் ஒரு பழைய எரிச்சல் வந்தது.

"இந்த நம்பரெல்லாம் எனக்குத் தெரியுமுங்க்கா."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"புது வண்டிக்கு நம்பர் வாங்கறப்ப எங்கப்பா இதெல்லாம் ஆகாதுன்னு ஒரு வாரம் ஆர்டிஓ ஆபீசுக்கு நடக்க வெச்சாருங்க. கூட்டிப் பாருங்க. ஒன்னும் ஏழும் எட்டு. ரெண்டும் ஆறும் எட்டு. மூனும் அஞ்சும் எட்டு. எல்லாம் எட்டுதானுங்க்கா!"

எட்டு. திருப்பூர் வந்துவிட்டது, ஹெப்சிபாவின் கண்ணுக்குள் முழுத் திருப்பூரும் வந்துவிட்டது, சாயப்பட்டறை வாசனை, ஆபீஸ் அப்போது ஒரு மாடி வீட்டின் முன்னறை, முதல்முதலாகக் கிடைத்த வேலை ஒரு பனியன் கம்பெனிக் கட்டடம், அதன் முதலாளி பொங்கியண்ணன் வெள்ளைச் சட்டையில் விரலெல்லாம் மோதிரமாக வந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்ததும் பதறிப்போய், எட்டு மட்டும் வேண்டாமுங்க அம்மிணி, கூட்டுனாலும் எட்டு வரக்கூடாதுங்க, என்று இவளைக் கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டது, இவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் அந்தப் பத்து வரியை எழுதிக் கொடுத்தது, அவர் சந்தோஷத்தில் ஆபீசுக்கே ஒரு பெட்டி பனியன் அனுப்பி வைத்தது, ஆண்கள் பனியன்தான், இவளுக்கும் ஆறு வந்தது! நாகர்கோவிலில் அவள் அப்பா ராகுகாலம் பார்த்து, அது தொடங்கின பிறகுதான் வீட்டைவிட்டுக் கிளம்புவார், சாஸ்திரத்துக்குச் சவாலாம், அவர் பெற்ற மகள் உலகத்துக்கெல்லாம் எட்டை விலக்கிக் கொடுத்திருக்கிறாள். அந்த ஸ்கிரிப்டைத்தான் அடுத்த வேலைக்கும் எடுத்தார்கள், அதற்கடுத்ததற்கும், நன்றாக ஓடுகிறதை யார் பிரித்துப் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் எட்டில்லை, ஓட்டலில் எட்டில்லை, நீச்சல்குளத்தில் உடை மாற்றுகிற அறையில்கூடப் பொங்கியண்ணனுக்குப் பயந்து எட்டில்லை. அவள் சிரித்தாள், மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள், சென்னியப்பனும் முத்துமாரியும் என்னவென்று தெரியாமலே கூடச் சிரித்தார்கள், அப்புறம் விஷயத்தைச் சொன்னதும் தெரிந்தே சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்ததும் கேள்வி அங்கேயேதான் நின்றது. எடுப்பதா, விடுவதா? எடுத்தால் போன மாசத்து ஷீட் அத்தனையும் தப்பு, விட்டால் பனி தேசத்து மருத்துவமனையில் தெரிந்தே சோதிடம் பார்த்த மாதிரி. இதைக் கட்டுகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

மாரித் என்பவள்தான் அந்தப் பக்கத்தில் பொறுப்பு, ஹெப்சிபா வயசுதான், திரையில் வந்தபோது ரொட்டி தின்றுகொண்டிருந்தாள், அங்கே மத்தியானம். ஹெப்சிபா இங்கிலீஷில் சுற்றி வளைத்து, கதவு எண்களில் சிலவற்றைத் தாண்டுகிற ஒரு பழைய விதி இருக்கிறது, புது வெர்ஷனில் அதை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். மாரித் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எடுத்துவிடாதீர்கள்! அது எங்கள் கையேட்டிலேயே இருக்கிறதே."

"கையேட்டிலா?"

"ஆமாம். உங்கள் முதல் கட்டடம் வந்தபோதே கவனித்தோம். ஏதாவது நல்ல காரணம் இருக்கும் என்று பேசிக்கொண்டோம். அவசரத்தில் அறைகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க நடுநடுவே எண்ணை விடுகிறீர்கள் என்று எங்களில் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். பாதுகாப்புக் குழு இரண்டு முறை கூடி அதை ஏற்றுக்கொண்டது. இப்போது மற்ற ஆபீஸ்களும் அப்படித்தான் எண் போடுகின்றன. ஏன், அது காரணமில்லையா?"

பொய் சொல்லலாம். தலையை ஆட்டினாலே போதும், முத்துமாரி பஸ் ஏறிவிடுவாள், இரண்டு முறை கூடிய குழுவின் மானமும் நிற்கும். ஆனால் மாரித்தின் முகம் அவ்வளவு நம்பிக்கையோடு இருந்தது, ஹெப்சிபாவால் முடியவில்லை, சொல்லிவிட்டாள், எட்டையும் சொன்னாள், பொங்கியண்ணனையும் சொன்னாள், மோதிரத்தைக்கூடச் சொன்னாள். படம் உறைந்துவிட்டதோ என்று ஹெப்சிபா குனிந்து பார்த்தாள், உறையவில்லை, மாரித்தின் உதடுதான் துடித்துக்கொண்டிருந்தது, பிறகு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அந்த முதலாளி இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டாள் மாரித், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நன்றாக இருக்கிறார். மூன்று மில் வைத்திருக்கிறார். எழுபது வயசுக்கு மேல், ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை என்று சொல்வார்."

மாரித் கீழே வைத்த ரொட்டியைத் திரும்பக் கையில் எடுத்தாள். "அப்படியென்றால் இருக்கட்டும்," என்றாள்.

ஹெப்சிபா பத்து வரியைப் புது வெர்ஷனின் வார்த்தையில் நாலு வரியாக எழுதினாள், ஓட்டினாள், சென்னியப்பன் பழைய ஷீட்டோடு வைத்துப் பார்த்து, "ஒத்து வருதுங்க்கா, பூரா ஒத்து வருது!" என்றான், பட்டியல் பறந்தது, முத்துமாரி ஹெப்சிபாவின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள், அவளைப் புது வண்டியில் சிங்காநல்லூரில் இறக்கிவிட்டு அப்படியே கோபிக்குப் போகிறேன் என்று சென்னியப்பனும் பின்னாலேயே ஓடினான், படிக்கட்டு முழுக்க அவர்கள் செருப்புச் சத்தம். தனியாக உட்கார்ந்து ஹெப்சிபா அந்த நாலு வரிக்கு மேலே ஒரு வரி காரணம் எழுத ஆரம்பித்தாள், நாளைக்கு வருகிறவன் இப்படி முழிக்க வேண்டாமே என்று. பொங்கியண்ணன் என்று தொடங்கி, பாதியில் கை நின்றது. காரணம் எழுதாமல் விட்டதால்தானே இத்தனை வருஷம் எல்லோரும் அதை மதித்தார்கள். அன்றைக்கே எழுதி வைத்திருந்தால், படித்த முதல் ஆளே சிரித்துவிட்டுத் தூக்கியிருப்பான். தூக்கினால்தான் என்ன, அவளுக்கு இதிலெல்லாம் துளியும் நம்பிக்கையில்லை, அப்பா கேட்டால் வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். ஆனால் தள்ளுவண்டியில் வந்த அந்தப் பெரியவர் இன்னும் அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை, பெயர் தெரியாது, முகம் தெரியாது, ஒன்பதாம் அறையில் படுத்திருக்கிறார், அவர் நல்லபடியாக எழுந்து வீடு போய்ச் சேரட்டும் என்று அவளுக்கு மனசார இருந்தது. எழுதிய பாதியை அழித்தாள். நாலு வரியையும் காரணம் இல்லாமலே சேமித்துவிட்டு, விளக்கை அணைத்து, படியிறங்கிப் போனாள்.